ஷூவைக் கழற்றிய தூரம்

என் மாமியாருக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். ஏதோ குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது விரல் கறுத்திருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் என் கணவருக்கும் சர்க்கரை என்று ஆன நாளிலிருந்து வீட்டுக்குள் அவருக்கு ஒரு செருப்பு, வெளியே ஒரு செருப்பு, ஓடுவதற்கு ஒரு ஷூ. வெறுங்காலோடு நின்றால் நான் காளியாகிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைதோறும், "கால் மரத்துப்போகுதா?" என்று கேட்பேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார். நானும் நம்பினேன்.

நாங்கள் ஓட ஆரம்பித்ததும் அந்தச் சர்க்கரைக்காகத்தான். ஞாயிறு காலையில் ஆனையூரிலிருந்து வண்டியில் போய் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றுவோம். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் போகிற வேகத்தை ஓட்டம் என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். போன மாதம் தல்லாகுளத்தில் அவருடைய அலுவலகத்தில் யாரோ 'டிரெயில் ரன்னிங்' என்று பற்றவைத்துவிட்டார்கள். வயல், கண்மாய்க் கரை, மண் பாதை, முட்டிக்கு நல்லதாம். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வழியைப் போனில் குறித்து வைத்துக்கொண்டார். யாரிடமாவது கேட்டுக்கொண்டு போகலாம் என்றேன். "மேப் இருக்குல்ல" என்றார். மேப் எங்களை ஒரு கிணற்று மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

திரும்பி வந்து, வாய்க்காலைத் தாண்டி, ஒருவழியாகக் கண்மாய்க் கரையைப் பிடித்தோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல். அவர் எனக்கு இருபதடி முன்னால் போய், திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கரையில் ஒரு வேப்பமரத்தடியில், புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இது முனியய்யா எல்லை தாயி. அந்தா தெரியுதுல்ல மடை, அம்புட்டுத் தூரமும் நாங்க செருப்பு போடுறதில்ல. நீங்க வெளியூரு, போட்டுட்டே போங்க. அய்யா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் லேஸை அவிழ்த்தேன். வீட்டு ஹாலில் அவர் வெறுங்காலோடு நடந்தால் சண்டைக்கு நிற்கிறவள்தான். ஆனால் சாமி எல்லை என்று காதில் விழுந்த பிறகு மிதித்துப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மகளுக்கு வரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொஞ்ச தூரந்தான. கீழ பார்த்து நடங்க" என்றேன். அவர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அடிக்கு ஒரு கல் குத்தியது. தாண்டித் தாண்டி நடந்தேன். அவர் முன்னால் நேராக, சாவகாசமாகப் போனார்.

"என்னங்க, கம்பளம் விரிச்ச மாதிரி நடக்குறீங்க?"

"பழக்கம்தான்" என்றார்.

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு பழக்கம் அவருக்குக் கிடையாது. அதை யோசித்துக்கொண்டே வரும்போதுதான் புழுதியில் ஒரு ரத்தப் பொட்டைப் பார்த்தேன். ஒரு எட்டு தள்ளி இன்னொன்று. அவர் இடது காலைத் தூக்கும்போதெல்லாம் குதிகாலில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க" என்றேன். கரையில் உட்காரவைத்துக் காலைப் பிடித்துத் திருப்பினேன். கருவேல முள், பாதி உள்ளே. நான் பிடுங்கும்போதுகூட அவர் முகம் சுளிக்கவில்லை. வயலில் நின்ற கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளா இப்படி?"

பிடித்த காலை விடாமல் மறுபடியும் கேட்டேன்.

"தீபாவளிக்கு முன்னாடியிருந்தே."

அப்போது சித்திரை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பேன்.

"சொன்னா நீ ஓட விடமாட்ட. வீட்டுல உக்காத்தி வச்சிருவ. அம்மாவ அப்படித்தான வச்சிருந்தோம்" என்றார்.

எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. சாமிக்குப் பயந்து அந்த முள்மேல் நடக்கவிட்டவள் நான்தான் என்பதும் கூடவே வந்து நின்றது. அழுதுகொண்டே பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினேன். பிறகு அவர் கையிலிருந்த ஷூவை வாங்கினேன்.

"மடை இன்னும் வரலயே" என்றார்.

"முனியய்யா கேட்டா நான் சொல்லிக்கிறேன். நேரா டாக்டர்கிட்ட போறோம்."

புல்லுக்கட்டுப் பெண் எங்களைக் கடந்து போனாள். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "மாட்டி விடு தாயி" என்றாள்.

சாக்ஸை இழுத்துவிட்டு, ஷூவை மாட்டி, லேஸைக் கட்டினேன்.

"இறுக்குதா?" என்று கேட்டேன்.

வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"தெரியல" என்றார்.

முடிச்சை அவிழ்த்தேன். என் விரலை உள்ளே விட்டு, அது நுழைகிற அளவுக்குத் தளர்த்தி, மறுபடியும் கட்டினேன்.