ஆவணி பன்னிரண்டு

சிறு வயதில் என்னை ஒரு நாற்காலியில் இருத்தி வைக்க யாராலும் முடிந்ததில்லை. வகுப்பில் மேசைக்கு அடியில் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டேன். "உனக்குக் காலிலை சில்லே பூட்டியிருக்கு?" என்று அம்மா திட்டுவார்; சக்கரத்தைத்தான் நாங்கள் சில்லு என்போம். லண்டனில், மனோர் பார்க்கில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் சமையலறையிலிருந்து வாசல் கதவு வரை அம்மாவுக்குப் பதினொரு எட்டு. மணி அடித்தால் நான் அதை ஐந்து எட்டில் கடந்துவிடுவேன்.

கடைசியில் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை என் தொல்லை தாங்காமல் ஓர் ஓட்டக் கிளப்புக்கு அனுப்பிவைத்தார். அங்கே பயிற்சி கொடுத்தவர் ஒரு தபால்காரர். காலையில் கடிதம் போட்டு நடந்த அதே கால்களோடு மாலையில் எங்களை விரட்ட வருவார். நான் ஓடியதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, நிற்கத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்றார். அவரும் கிளப்பில் மற்றவர்களும் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

அவர் சொன்னது சரி. துப்பாக்கி வெடிக்கும் முன்பே கோட்டைத் தாண்டிவிடும் வியாதி எனக்கு இருந்தது. முதல் வருடம் முழுவதும் அதனாலேயே வெளியே அனுப்பப்பட்டேன்.

பதினான்கு வயதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலம் வந்தது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளியே ஓட முடியாது. மழை, உறைபனி, நாலு மணிக்கே இருட்டு. அந்த மாதங்களில் உள்ளரங்கப் போட்டிகள். தென் லண்டனில், பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் நீளமாக ஒரு கூடம் இருந்தது. அதற்குள் அறுபது மீட்டர் ஓடுபாதை. பாதை முடிந்த கையோடு சுவர். சுவரில் தடித்த மெத்தைகளைச் சாத்தி வைத்திருப்பார்கள். வேகத்தைக் குறைக்க இடமில்லை. எல்லோரும் ஓடிப்போய் மெத்தையில் மோதித்தான் நிற்க வேண்டும்.

அறுபது மீட்டர் என்றால் எனக்கு அப்போது எட்டு வினாடிக்குக் கொஞ்சம் மேல். பொறுமை தேவையில்லாத விளையாட்டு என்று நம்பித்தான் சேர்ந்தேன். என்ன ஏமாற்றம்! அந்த எட்டு வினாடிக்காக ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரப்பர் நாற்றமும் தைல நாற்றமும் கலந்த அந்தக் கூடத்தில், நெஞ்சில் ஊசி குத்திய எண்ணோடு, அம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டித் தந்த புட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைச் சொல்லி மாளாது. நான்கு தரம் கழிப்பறைக்குப் போவேன். ஆறு தரம் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவேன்.

பக்கத்தில் ஒருத்தி அசையாமல் இருப்பாள். என் கிளப்தான், என் வயதுதான். அப்டன் பார்க்கில் இருந்தாள். தாயும் தகப்பனும் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். என்னைப் போலவே அவளும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பாள், அதனால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். ஓட்டத்துக்கு அரை மணி முன்புகூட அவளால் கொட்டாவி விட முடியும். எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பருவத்தில் நாங்கள் இருவரும் வாரத்துக்கு வாரம் வேகமானோம். பயிற்சியாளர் எங்கள் நேரங்களைப் பழைய தபால் உறை ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். டிசம்பரில் எனக்கு எட்டு தசம் மூன்று, அவளுக்கு எட்டு தசம் நான்கு. ஜனவரியில் நான் எட்டைத் தொட்டேன். என் முன்னேற்றத்தின் ரகசியம் வேகம் இல்லை, நிற்கப் பழகியதுதான். "துப்பாக்கிக்காக நிற்காதே, துப்பாக்கிக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் நினை" என்று அவர் சொல்லிச் சொல்லி என் கால்களை அடக்கினார். அவள் எப்போதும் ஒரு தோள் அளவு பின்னால் வருவாள். ஜனவரி முடிவில் லண்டன் போட்டியில் பதினைந்துக்கு உட்பட்ட சிறுமிகள் பிரிவில் நான் முதலாவது, அவள் இரண்டாவது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டபடியே ரயிலில் வீடு வந்தேன்.

அடுத்தது பர்மிங்ஹாமில் தேசியப் போட்டி. ஒரு கிளப்பிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவர்தான் போகலாம். என் பெயரைக் கொடுத்தார்கள். படிவத்தில் பிறந்த தேதியை நானே எழுதினேன்: செப்டம்பர் பன்னிரண்டு. வருகிற ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் பதினைந்து நிறைகிறவர்கள் மேல் பிரிவு, பிறகு நிறைகிறவர்கள் கீழ்ப் பிரிவு. அதுதான் விதி. எனக்குப் பன்னிரண்டு நாள் வித்தியாசத்தில் அதிர்ஷ்டம் என்று பயிற்சியாளர் கண்ணடித்தார்.

இனி நடந்ததற்கு நானேதான் காரணம். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. என்னால் மூன்று மணி நேரமே காத்திருக்க முடியாது. வெல்வேனா மாட்டேனா என்று இப்போதே தெரிய வேண்டும். கோயிலில் ஐயர் சாதகம் பார்ப்பார் என்பது நினைவுக்கு வந்தது. அம்மாவை அரித்தெடுத்தேன். அம்மாவுக்கும் நான் பர்மிங்ஹாம் வரை தனியாகப் போவது பயம்தான். பிரயாணம் நல்லபடி அமையுமா என்று கேட்கலாம் என ஒத்துக்கொண்டார்.

இலங்கையில் எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. என் சாதகக் குறிப்பு மட்டும் அம்மாவின் கைப்பையில் கிடந்ததால் தப்பியது. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். தமிழ் வருடம், ஆவணி மாதம் பன்னிரண்டு, சுவாதி நட்சத்திரம் என்று எழுதியிருந்தது. ஆங்கிலத் தேதி இல்லை. எங்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. வருடா வருடம் ஆவணிச் சுவாதியில் கோயிலில் அர்ச்சனை செய்வோம். அது ஒரு வருடம் ஆகஸ்டில் வரும், ஒரு வருடம் செப்டம்பரில் வரும். பள்ளிக்கூடத்துக்காகச் செப்டம்பர் பன்னிரண்டில் அப்பா கேக் வாங்குவார்.

ஐயர் பழைய பஞ்சாங்கம் ஒன்றைப் புரட்டினார்.

"ஆகஸ்ட் இருபத்தெட்டிலை பிறந்த பிள்ளை" என்றார். "பிரயாணத்துக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா."

அம்மா கும்பிட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஆகஸ்ட் இருபத்தெட்டு என்றால் நான் மேல் பிரிவு. பதினேழுக்கு உட்பட்டவர்களோடு ஓட வேண்டியவள். என் பதக்கம் என்னுடையது இல்லை.

அப்பா பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அப்பா, நான் பிறந்தது ஆகஸ்டிலையாம். பேப்பரிலை ஏன் செப்டம்பர் எண்டு கிடக்கு?"

"ஆர் சொன்னது?"

"ஐயர்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "லண்டனிலை வந்து இறங்கின அண்டைக்குப் போம் நிரப்பச் சொன்னவங்கள். நீ பிறக்கேக்கை நான் கொழும்பிலை வேலை, எனக்குத் திகதி ஞாபகமில்லை. அம்மா ஆவணி பன்னிரண்டு எண்டா. மொழிபெயர்க்க வந்த அண்ணை, ஆவணியெண்டாச் செப்டம்பர்தானே எண்டு எழுதிப்போட்டார். நானும் தலையாட்டிப்போட்டன்."

"ஆம்பிளையளுக்கு எந்தத் திகதிதான் ஞாபகம் இருக்கு" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஒரு குத்து விட்டார்.

"அப்ப இப்ப மாத்துங்கோ" என்றேன்.

"என்னெண்டு மாத்திறது? எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. ஒரு திகதி பிழையெண்டாச் சொன்னது முழுக்கப் பொய்யெண்டுதான் நினைப்பாங்கள். உன்ரை ஓட்டத்துக்காக எங்கள் எல்லாரையும் பிளேன் ஏத்தப் போறியே?"

"பதினைஞ்சு நாள்தானே, பிள்ளை" என்றார் அம்மா. "பதினைஞ்சு நாளிலை என்ன வந்திடப் போகுது?"

எல்லாம் அந்தப் பதினைந்து நாளில்தான் இருந்தது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அப்பா பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். அவர் பயந்து நான் பார்த்தது குறைவு.

அந்த வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. படுத்தால் கால் ஆடியது. படிக்க உட்கார்ந்தால் கால் ஆடியது. சொன்னால் வீட்டுக்கு ஆபத்து. சொல்லாமல் ஓடினால் களவு. காய்ச்சல் என்று ஓடாமல் இருக்கலாம், ஆனால் ஓடாமல் இருப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. பதக்கத்தைக் காலுறைக்குள் சுருட்டி அலுமாரியின் அடித்தட்டில் தள்ளினேன்.

வியாழக்கிழமை பயிற்சியில் தபால்காரரிடம் போனேன்.

"என்னை மேல் பிரிவில் போடுங்கள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேல் பிரிவில் ஓட இளையவர்களுக்குத் தடை இல்லை, எங்கள் கிளப்பில் அந்த இடமும் காலியாகத்தான் இருந்தது. "உன் பிரிவில் நீ பதக்கம் வெல்வாய்" என்றார். "அங்கே முதல் சுற்றிலேயே வெளியே வருவாய். ஏன்?"

"பெரிய பிள்ளைகளோடு ஓட ஆசை."

"இது தலைக்கனம்" என்றார். அந்த மனிதர் என்னைக் கடிந்து பேசியது அந்த ஒரு தடவைதான். படிவத்தை மாற்றினார். என் பழைய இடத்தில் அப்டன் பார்க் பிள்ளையின் பெயரை எழுதினார்.

பர்மிங்ஹாமில் பெரிய அரங்கம். பக்கத்துப் பாதைகளில் நின்றவர்கள் என்னைவிட ஒரு தலை உயரம். துப்பாக்கி வெடித்தது. வாழ்க்கையில் அப்படி நான் ஓடியதே இல்லை. ஐந்தாவதாக மெத்தையில் போய் விழுந்தேன். பலகையில் என் நேரம் ஏழு தசம் ஒன்பது. முதல் தடவையாக எட்டுக்குக் கீழே. வெளியே போக வேண்டியவள், ஆனாலும் சந்தோஷத்தில் குதித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

பின்னேரம் அவள் ஓடினாள். எட்டு தசம் ஒன்றில் வெண்கலம். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதக்கத்தை அவள் கழுத்தில் போடவில்லை, பைக்குள் வைத்திருந்தாள்.

"நீ ஏழு தசம் ஒன்பது ஓடினாய்" என்றாள். "என் பிரிவில் வென்றவளே எட்டு. இது நீ போட்ட பிச்சை."

"இல்லை. அது உன்னுடையதுதான்."

"மரியாதைக்குச் சொல்லாதே. நீ ஏன் விலகினாய் என்று சொல்."

அப்பா பாதியில் விட்ட சோற்றுத் தட்டு கண் முன்னால் வந்தது. "பெரிய பிள்ளைகளோடு ஓட ஆசை" என்று கிளிப்பிள்ளை மாதிரி மறுபடியும் சொன்னேன். அவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். லண்டன் வரும் வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் என் கால் ஆடாமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

கோடை முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. ஆகஸ்ட் இருபத்தெட்டு அன்று அப்பா வேலையால் வந்து ஒரு கேக் பெட்டியை மேசையில் வைத்தார். "இண்டைக்குத்தான் உனக்குப் பதினைஞ்சு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. செப்டம்பர் பன்னிரண்டுக்கும் ஒன்று வாங்கினார். "அது பேப்பருக்கு" என்றார் அம்மா. நாங்கள் மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். இரண்டு கேக்கையும் நானே பெரும்பாலும் தின்றேன்.

அடுத்த குளிர்காலத்தில் கணக்குகள் தாமாகவே சரியாகின. சாதகத்துக்கும் பேப்பருக்கும் இப்போது ஒரே பிரிவு, அவளுக்கும் அதே பிரிவு. டிசம்பரில் தென் லண்டன் கூடத்தில் அடுத்தடுத்த பாதையில் நின்றோம். அன்று அவள் கொட்டாவி விடவில்லை. துப்பாக்கி வெடித்தது. நான் என்னிடம் இருந்ததை எல்லாம் கொட்டி ஓடினேன். பாதி தூரத்தில் அவள் தோள் என் தோளுக்கு நேராக வந்தது, பிறகு முன்னால் போனது. இருவரும் அடுத்தடுத்து மெத்தையில் மோதி விழுந்தோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. அவள் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள், நான் விட்டுக்கொடுத்தேனா என்று. என் கண்ணீரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"கடைசியில் உன்னை வென்றுவிட்டேன். முதல் தடவை!"

சாதகத்தின்படி பார்த்தால் அது மூன்றாவது தடவை. நான் ஓடக் கூடாத பிரிவில் வென்ற லண்டன் பதக்கம் அவளுடையது, பர்மிங்ஹாம் பதக்கமும் அவளுடையது. ஆனால் எங்கள் கேஸ் இன்னும் முடிந்திருக்கவில்லை. அவள் நீட்டிய கையைப் பிடித்து எழுந்தேன்.

"ஆமாம், முதல் தடவை" என்றேன்.