இடம் மாறிய கடல் சாமந்தி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு மண்டபம், அந்தமான், வேராவல் என்று ஆள் எடுத்த படகிலெல்லாம் ஏறினேன். முதுகு போனதும் தாம்பரத்துக்கு வந்து, வீடுகளில் வைத்திருக்கும் கடல்மீன் தொட்டிகளைக் கழுவும் வேலை பார்த்தேன். முதுகு தேறியதும் இருப்புக்கொள்ளவில்லை. தூத்துக்குடிப் படகு ஒன்றில் காசிமேட்டு நண்பன் எனக்கு இடம் சொல்லிவைத்திருந்தான். அன்று மத்தியானம் பெருங்களத்தூரில் பஸ்.

காலையிலேயே சிட்லபாக்கத்திலிருந்து போன். தொட்டி வைத்திருக்கும் மேடம்.

"அண்ணா, சாமந்தி பாறைய விட்டு எறங்கிடுச்சு. பம்ப் பக்கமா போகுது. எனக்கு இன்னிக்கு லீவு கெடைக்காது."

கடல் சாமந்தி பார்க்கப் பூ, ஆனால் உயிர். பிடிக்காத இடத்தை விட்டு அடிப்பாதத்தால் ஊர்ந்து போய்விடும். பம்ப் வாயில் சிக்கினால் கிழிந்துவிடும். அந்த அழுகலில் தொட்டி முழுக்கச் சாகும். பம்பை நிறுத்தினாலோ மீன்களுக்கு மூச்சு முட்டும்.

போனேன். பம்ப் வாயில் ஸ்பாஞ்சைச் சுற்றிக் கட்டினேன். அது அடிக்கடி அடைத்துக்கொண்டதால் கழற்றி அலசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அந்தமானில் கண்ணாடி மாட்டிக் கடலுக்குள் பார்த்திருக்கிறேன். அங்கே தண்ணீர் போகும், வரும்; சாமந்தியின் இதழ் போன்ற விரல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். இங்கே நாள் முழுக்க ஒரே பக்கத் தள்ளல். அதனால்தானோ என்று, தண்ணீர் மோதிச் சிதறட்டும் எனப் பம்பைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். ஊர்வது நிற்கவில்லை.

ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். சோபாவில் இருந்த மேடத்தின் அப்பா பேப்பரை இறக்கினார்.

"ஒரு எடத்துல உக்காரேம்ப்பா. எனக்குத் தலை சுத்துது."

"அது உக்காந்தா நானும் உக்காருவேன் சார். இன்னும் நடந்துகினுதான் கீது."

"நல்ல ஜோடி!"

பஸ் நேரம் தாண்டியதும் நண்பன் கூப்பிட்டான். "இன்னா மச்சான், ஏறிட்டியா?"

"இல்லடா. இங்க ஒரு சாமந்திக்குக் காவல்."

"பூக்கடை வெச்சுட்டியா? போ, வேற ஆள ஏத்திக்கிறோம்."

போனை வைத்துவிட்டு மறுபடி ஸ்பாஞ்சை அலசினேன்.

வெயில் சாய்கிற நேரம் சாமந்தியின் விரல்நுனி ஸ்பாஞ்சில் பட்டது. சட்டென்று சுருங்கியது. நான் அசையாமல் நின்றேன். பிறகு அது மெல்லத் திரும்பி, பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே இருந்த சந்தில் இறங்கி, அங்கேயே விரிந்தது. சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீன்கள் இரண்டும் தேடி அலைந்து பின்னாலேயே போய்ச் சேர்ந்தன.

மேடம் ரயிலிலிருந்து இறங்கி நேராகத் தொட்டிக்கு வந்தார். முன்னால் வெறும் பாறை.

"ஒண்ணுமே தெரியலையே அண்ணா. பாறையத் திருப்பி வெச்சுடலாமா?"

"வேணாம் மேடம். தொட்டா மறுபடி கெளம்பிடும்."

"செவுத்துக்குப் படம் காட்டத்தான் வாங்கினோமா?" என்றார் அப்பா.

மேடம் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் சுண்ணாம்பு.

"சரி, அங்கயே இருக்கட்டும்" என்றார்.

நான் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.