மைமூன் தண்ணீரில் இறங்கிய கோடை

பங்குனி கடைசி வாரம். மதுரை மாட்டுத்தாவணியில் விருதுநகர் பேருந்தில் ஏறியபோது பத்து மணிகூட ஆகவில்லை, அதற்குள் ஜன்னல் கம்பி சுட்டது. கோயம்புத்தூரில் விடியும் முன்பே கிளம்பியிருந்தேன். தோள்பையில் இரண்டு பழைய சுடிதார்களும் ஒரு பெரிய துண்டும் இருந்தன. வெயில் காலத்தில் விருதுநகருக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்கள் ஊட்டிக்கு அறை பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

என்னைக் கூப்பிட்டது மைமூன். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. பத்து நாட்களுக்கு முன் தொலைபேசியில் நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தாள்.

“ஏ விஜி, இங்கன வெயிலு ஆரம்பிச்சிருச்சு. இந்த வருசம் எனக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கிறியா?”

எங்கள் இருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது. விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு மேசை மின்விசிறியை அட்டைப்பெட்டியோடு கட்டிப்பிடித்திருந்தார். திருமங்கலம் தாண்டியும் அதைக் கீழே வைக்கவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

“சிவகாசிக்கும்மா. மக வீடு. கைப்புள்ள இருக்கு. வெயிலு முத்துறதுக்குள்ள கொண்டு போயிரணும்ல. கீழ வச்சா ஆடி ஆடி ஒடைஞ்சிரும்.”

கள்ளிக்குடியில் வெள்ளரிப்பிஞ்சு கட்டு இருபது ரூபாய் என்று ஜன்னலுக்கு வெளியே கூவினார்கள். ஒரு கட்டு வாங்கி ஆளுக்குப் பாதி தின்றோம். ஐம்பது கிலோமீட்டரும் இப்படியே போனது. பள்ளிக்கூடத் தேர்வு முடியும் நாட்கள் ஞாபகம் வந்தன. கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு நாங்கள் ஐந்தாறு பேர் விருதுநகரிலிருந்து ஆமத்தூர் பேருந்தைப் பிடிப்போம். அங்கே எங்கள் தோட்டத்துக் கிணறு. மேலிருந்து குதிப்போம், கண் சிவக்கும்வரை கிடப்போம். மைமூனும் தவறாமல் வருவாள். ஆனால் மோட்டார் அறை நிழலில் எங்கள் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார் கூப்பிட்டாலும் இறங்கியதில்லை. எங்கள் கோடை எல்லாவற்றையும் அவள் கரையிலிருந்தே பார்த்தாள்.

விருதுநகரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். எண்பது ரூபாய். கடைவீதிக்குள் நுழையும்போதே மிளகாய் வத்தல் நெடியில் தும்மல் வந்தது. மைமூனின் கணவர் காதர் அண்ணன் பருப்பும் வத்தலும் கமிஷனுக்கு விற்கிறார். கடையிலிருந்தே எழுந்து வந்தார்.

“வாங்க தங்கச்சி. சாப்பிட்டீகளா? அம்புட்டு தூரம் இந்த வெயில்ல வந்திருக்கீக. மேல போங்க, ஒங்க சினேகிதி காலையிலருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா.”

சாப்பாடு முடிந்து, கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு இருவரும் படுத்துக்கொண்டோம். அப்போதுதான் கேட்டேன், ஏன் இந்த வருடம் என்று.

மைமூனுக்கு ஜமால் என்று ஒரு தம்பி இருந்தான். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவன் கண்மாயில் மூழ்கிப் போனான். அது எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அன்றைக்குச் சொன்னாள்.

“அவன அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு அம்மா என் கையப் பிடிச்சுக் கேட்டாக. அவுக உசுரோட இருக்கிற வரைக்கும் நான் தண்ணியில எறங்க மாட்டேன்னு சொல்லுன்னு. சொன்னேன். பெறகு அவுகளும் அதப் பத்திப் பேசல, நானும் பேசல.”

அவளுடைய அம்மா போன ஐப்பசியில் காலமானார்.

“நோன்புப் பெருநாள் முடிஞ்சு ஒருநா மொட்டமாடியில துணி காயப்போட்டேன். வெயிலு சுள்ளுன்னு அடிச்சுச்சு. ஆமத்தூர் கெணறு ஞாபகம் வந்துச்சு. இப்ப எறங்கலாம்லன்னு தோணுச்சு. தோணினதும் அழுகை வந்துருச்சு. அம்மா எப்படா போவாகன்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிருச்சே விஜி.”

அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே தூங்கிப்போனோம்.

மறுநாள் காலை சிவகாசி பேருந்தில் கிளம்பினோம். ஆமத்தூர் பத்து கிலோமீட்டர்தான். பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களை முந்திப் போயின. ஜன்னலெல்லாம் பெண்கள், மடியில் தூக்குச்சட்டிகள். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடிக்க வேண்டும் என்று விடியும்போதே புறப்படுகிறவர்கள். காதர் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு மொபெட்டில் பின்னாலேயே வந்தார்.

தோட்டத்தை என் தம்பி பாண்டி பார்க்கிறான். போன மழை நன்றாகப் பெய்ததால் கிணற்றில் இன்னும் தண்ணீர் நின்றது. பாண்டி ஒரு பழைய லாரி ட்யூபில் காற்று அடித்து வைத்துவிட்டு, “நான் பருத்திப் பக்கம் போறேங்க்கா. நீங்க நிம்மதியா குளிங்க” என்று நகர்ந்தான். காதர் அண்ணன் வரப்பு முனையில், எங்களுக்கு முதுகு காட்டி, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தலையில் ஈரத்துண்டு.

மைமூன் முழுக்கைச் சுடிதார் போட்டு, துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். கல்படிகளில் என் தோளைப் பிடித்து இறங்கினாள். தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் நின்றுவிட்டாள்.

“முடியல விஜி. அம்மா பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்கு.”

படியில் உட்கார்ந்தோம். இரண்டு பேர் கால்களும் தண்ணீருக்குள். சின்ன மீன்கள் வந்து விரலைக் கடித்துப் பார்த்தன. திரும்பிப் போய்விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது மேலிருந்து, திரும்பிப் பார்க்காமலேயே, காதர் அண்ணன் குரல் கொடுத்தார்.

“தண்ணி குளுருதா?”

“குளுருது” என்றாள் மைமூன்.

“குளுரட்டும். ஒனக்கு வெயிலு ஆகாதுன்னு ஒங்கம்மா மோரு குடுத்து விடுவாகள்ல, வருசா வருசம். அவுக இருந்தா இன்னைக்கும் சந்தோசப்படத்தான் செய்வாக. வெளியில சொல்ல மாட்டாக, அம்புட்டுத்தான்.”

மைமூன் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். அப்புறம் எழுந்து, பிஸ்மி சொல்லி, அடுத்த படியில் கால் வைத்தாள். இடுப்பு நனைந்தது. மார்பு நனைந்தது. ட்யூபுக்குள் அவளை நுழைத்து, முதுகில் கை கொடுத்து மெதுவாக இழுத்தேன். படியை விட்டுக் கால் எடுபட்டபோது என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள், எனக்கு மூச்சு முட்டியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. கால் இரண்டும் தானாக மேலே வந்தன. மேலே வானம் வட்டமாகத் தெரிந்தது.

“இம்புட்டு லேசா இருக்கே விஜி” என்றாள்.

அப்படியே மிதந்தாள். பிறகு, வானத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இத்தன வருசமா அவன் மூச்சு முட்டினத மட்டுந்தான் நெனச்சிருக்கேன். மொதல்ல எறங்கும்போது அவனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்? சந்தோசமாத்தானே இருந்திருப்பான்?”

“ஆமாடி” என்றேன்.

அன்றைக்குக் கால் அடிக்கக் கற்றாள். தண்ணீர் குடித்தாள், இருமினாள், என்னைத் திட்டினாள். வெளியே வரச் சொன்னபோது, ‘இன்னும் கொஞ்சம்’ என்று சின்னப்பிள்ளை மாதிரி கெஞ்சினாள். மோட்டார் அறையில் அவள் உடை மாற்றும்போது நான் வரப்புக்கு வந்தேன். காதர் அண்ணன் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“எனக்கும் நீச்சல் தெரியாது தங்கச்சி” என்றார் தாழ்ந்த குரலில். “ஒவ்வொரு சத்தத்துக்கும் உசுரு போயி உசுரு வந்துச்சு. அவகிட்ட சொல்லிராதீக.”

அவர் மொபெட்டில் முன்னே போய்விட்டார். நாங்கள் ஈரத் தலையோடு சாலையில் பேருந்துக்கு நின்றோம். மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலை விட்டு வந்த கம்பெனி வேன் ஒன்று, ஊர்ப் பெண்களை இறக்கிவிட நின்றது. விரலிடுக்கில் வெள்ளி நிறப் பொடி படிந்த ஒரு பெண் ஜன்னலில் தலைநீட்டி மைமூனைப் பார்த்தாள்.

“எங்கனக்கா குளிச்சீக? பாக்கவே குளுகுளுன்னு இருக்கே!”

“தோட்டத்துக் கெணத்துல. நீச்சல் படிக்கிறேன்” என்றாள் மைமூன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னாள்.

வேன் முழுக்கச் சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை. “ஞாயித்துக்கெளம லீவு, எங்களையும் கூட்டிட்டுப் போங்கக்கா!” என்று பின் இருக்கையிலிருந்து ஒருத்தி கத்தினாள். மைமூன் கையைத் தூக்கி, “வாங்க, வாங்க!” என்றாள். தோட்டமே அவளுடையது போல.

இன்னும் மூன்று காலைகள் கிணற்றுக்குப் போனோம். அதற்கு மறுநாள் நான் கிளம்ப வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் என் குடியிருப்பில் ஒரு நீச்சல் குளம் உண்டு. நீலத் தரை, நேர அட்டவணை, தண்ணீரில் மருந்து வாடை. ஆறு வருடத்தில் நான் அதில் இறங்கியதே இல்லை. அங்கே வெயில் வந்தால் கதவைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு, ஆனி மாதக் காற்றுக்குக் காத்திருப்பேன். கோடையைக் கழிக்க வேண்டிய ஒன்றாகவே இத்தனை காலம் வைத்திருந்தேன்.

விருதுநகர் பேருந்து நிலையத்தில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. மைமூனின் முகம் வெயிலில் கறுத்து, மூக்கு நுனி உரிந்திருந்தது. ஜன்னல் வழியாக ஒரு பை நிறைய நுங்கு கொடுத்தாள். போகிறாயே என்ற வருத்தம் அவள் முகத்தில் இருக்கும் என்று தேடினேன். இல்லை.

“நான் போனதும் விட்டுராதடி” என்றேன்.

“விடுறதா?” என்றாள் மைமூன், கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்து. “வெயிலு இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு.”