செம்மண் குழியில் ஓர் எர்த் கம்பி

அன்று துப்பாக்கிச் சோதனைக்காகச் செம்மண் குழியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கல்லூரிப் பேராசிரியர் சிவராமன் சார், அவருடைய ஆய்வுக்கூட உதவியாளர் மேரி, டெம்போ ஓட்டிய காசிம் பாய், பக்கத்துக் கரும்புக்காரர் ஏழுமலை, மின் இணைப்புக்குப் போன நான். ஒவ்வொரு முறை சுடும் முன்பும் தலைகளை எண்ணியவன் நான்தான்; அதனால் இந்தக் கணக்கு தப்பாது.

1987 சித்திரை. காலை ஆறு மணிக்கு வில்லியனூரில் கிளம்பினோம். வாடகை நூற்றெண்பது ரூபாய். திருக்கனூர்ப் பக்கம் பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். பின்னால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் பெட்டிகள் பன்னிரண்டு. வண்டி குலுங்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னாபா, பொண்ணு அழைச்சிகினு போறா மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்கற?" என்றார் பாய்.

"வெடிச்சா நீங்களும்தான் போவீங்க பாய்."

நான் எட்டாவதோடு நின்று பம்புசெட் மோட்டார் வேலைக்குப் போனவன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். சார் செய்த துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. தேக்கிய மின்சாரம் மொத்தமும் கண்ணிமைக்கும் முன் குழாய்க்குள் பாயும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை பொசுங்கி நெருப்புக்காற்றாகி, விரல்நுனி அளவு குண்டை வெளியே தள்ளும். வழியில் இரண்டு மெல்லிய கம்பிகள். முதலாவது அறுந்தால் கடிகாரம் ஓடும், இரண்டாவது அறுந்தால் நிற்கும். அதில் வேகம் தெரியும்.

உறைகள் நான்குதான் இருந்தன. குழிக்கு அனுமதி மாலை ஐந்து வரை. அன்று வேகத்தை எழுதிக் காட்டாவிட்டால் கல்லூரியில் இந்த வேலையையே நிறுத்திவிடுவார்களாம்.

பத்து மணிக்கு முதல் வெடி. எதிரே மணல்மூட்டை அதிர்ந்தது. கடிகாரத்தில் ஏதோ பொருந்தாத எண். மதியத்துக்குள் மூன்று உறைகள் போயின.

"குண்டு வர்றதுக்கு முன்னாடியே கடிகாரம் ஓடிடுது சார்" என்றார் மேரி. சார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டிகளில் மிச்ச மின்சாரம் இல்லை என்று மூன்று முறை ஷார்ட் செய்து பார்த்த பிறகே, கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் கம்பியைத் தொட்டேன். ஆடுகிற பல் மாதிரி ஆடியது; மண்ணில் இறங்காத மின்சாரம்தான் கடிகாரத்தைத் தட்டிவிட்டிருக்கிறது.

"சார், மண்ணு சுக்கா காஞ்சி கெடக்குது. மோட்டாருக்கே நாங்க கரியும் உப்பும் போட்டுத் தண்ணி ஊத்துவோம்."

"நான் அடிச்ச கம்பிதான். புடுங்கிடுப்பா" என்றார்.

திருக்கனூர்க் கடையில் பத்து கிலோ கல்லுப்பு ஐந்து ரூபாய், அரை மூட்டை கரி பன்னிரண்டு ரூபாய். ஆழமாகக் குழி தோண்டி, கம்பியை நட்டு, உப்பும் கரியும் கொட்டி, ஏழுமலையின் மோட்டாரிலிருந்து இருபது குடம் தண்ணீர் ஊற்றினோம்.

"தென்னங்கண்ணு நடறீங்களா?" என்று சிரித்தார் அவர்.

நான்கரை மணி. கடைசி உறை. எண்ணினேன், நான்கு தலைதான். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். மூட்டையில் ஓட்டை எவ்வளவு பெரிசு என்று பார்க்க ஏழுமலை போயிருந்தார்! கையைப் பிடித்து இழுத்துவந்தேன். மறுபடி எண்ணினேன். ஐந்து.

வெடித்தது.

"தொள்ளாயிரம் மீட்டர் சார், ஒரு விநாடிக்கு!" என்றார் மேரி. சார் அதை நோட்டில் எழுதினார். அதன் கீழே எர்த் குழியின் அளவை என்னிடம் கேட்டு எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டார். பள்ளிக்கூட வருகைப் பதிவுக்கு அப்புறம் என் பெயர் நோட்டில் ஏறியது அன்றுதான்.

அந்த வேகம் குறையாமல் போனால் வில்லியனூருக்கு இருபது விநாடி. திரும்பும்போது மனதுக்குள் இருபது எண்ணினேன்; டெம்போ ஏழுமலையின் கரும்பைக்கூடத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், எங்கள் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.