-fPIC போட்டேன் என்று சாதித்தவன்

அடுத்தவர் எழுதும் நிரலுக்குள் போய் உட்கார்ந்து உழைக்கும் லைப்ரரிகளை எழுதுவது என் தொழில். ஒழுங்காக ஓடினால் நம் பெயர் யாருக்கும் தெரியாது, ஓடாவிட்டால் நம் கைபேசி எண் எல்லோருக்கும் தெரியும். கம்பைலரிடம் திட்டு வாங்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

லிங்கரின் சந்தேகம்

தேனாம்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனம், குழந்தைகளின் கேட்கும் திறனைச் சோதிக்கும் கருவி செய்கிறது. அதில் இரைச்சலை நீக்கும் பகுதி என்னுடையது. சனிக்கிழமை பாலவாக்கத்தில் முகாம்; கருவி தயாராகாவிட்டால் ரத்து. வியாழன் காலை அங்கே பொறியாளராக இருக்கும் பிலோமினா கூப்பிட்டார். என் கோப்புகளைத் தன் ஷேர்டு லைப்ரரியில் இணைக்க முடியவில்லையாம். ‘-fPIC போட்டு மறுபடி கம்பைல் செய்’ என்கிறதாம் கோப்புகளைக் கோத்து இணைக்கும் லிங்கர்.

பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு லைப்ரரி, நினைவகத்தில் எந்த இடத்தில் ஏறும் என்று முன்கூட்டித் தெரியாது. எங்கே ஏற்றினாலும் ஓடும்படி செய் என்று, நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலருக்குச் சொல்வதுதான் -fPIC. அது தெரியாதவனா நான்? “போட்டுத்தான் அனுப்பினேன் மேடம்” என்றேன்.

“நான் உங்களை நம்புறேன் சார். லிங்கர்தான் நம்ப மாட்டேங்குது.”

தோசையும் உப்பும்

என் அபிராமபுரம் அலுவலகத்தில் உட்கார்ந்து, கம்பைல் கட்டளைகள் இருக்கும் கோப்பைத் துழாவினேன். -fPIC இருந்தது. ஆனால் கம்பைல் செய்யும் வரியில் அல்ல, கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் வரியில். என் சோதனை நிரல் தனி நிரல் என்பதால் அது இல்லாமலே ஓடியிருக்கிறது. எத்தனை பேருக்கு இதைப் பாடமாக எடுத்திருப்பேன்! நான் என்னதான் கற்றேன் என்று குமைந்துகொண்டிருந்தபோது, பக்கத்து மேசை ரகு, மயிலாப்பூர்க்காரர், திரையை எட்டிப் பார்த்தார்.

“மாவுல உப்பு போடாம, வெந்த தோசை மேல தூவியிருக்கேளே ஓய்!”

யார் செய்த வேலை?

திருத்தி, எல்லாக் கோப்புகளையும் புதிதாகக் கம்பைல் செய்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மறுபடி அதே பிழை, இந்த முறை ஒரே ஒரு கோப்பில். கட்டளைக் கோப்பில் அதற்கு மட்டும் தனி ஆப்ஷன் வரி. அதில் -fPIC இல்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘வேகம் குறைகிறது, எடுத்துவிட்டேன்.’ வேலையை விட்டுப் போன ஒருவரைச் சந்தேகித்தேன். பழைய பதிவுகளைப் புரட்டினால், மாற்றியவர் பெயர் என்னுடையது.

கம்பைலரில் கோளாறு என்று சொல்லிவிடலாமா என ஒரு நிமிடம் மனம் அலைந்தது. பிறகு ஆட்டோ பிடித்துத் தேனாம்பேட்டைக்கே போய் உண்மையைச் சொன்னேன். ஆப்ஷனைச் சேர்த்ததும் சத்தமில்லாமல் இணைந்தது. வேகத்தையும் அளந்தோம், வித்தியாசம் தெரியவே இல்லை. பிலோமினா சிரித்துவிட்டார்.

“இந்த வேகத்துக்காகவா சார் ரெண்டு நாள் நின்னோம்?”

பாலவாக்கத்தில்

முகாமில் முதலில் உட்கார்ந்தது ஆறு வயதுச் சிறுமி. ஹெட்போனில் ஒலி கேட்கும்போதெல்லாம் அவள் கையைத் தூக்க வேண்டும். சுற்றி நின்ற எங்களுக்கு எதுவும் கேட்காது. அந்தக் கையிலேயே கண் வைத்திருந்தேன். எழுந்தது. மறுபடியும் எழுந்தது. பெயிண்டர் வேலை பார்க்கும் அவள் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், புள்ள கெத்தா குந்திக்கினு கீது, நீ எதுக்கு இப்டி வேர்த்து ஊத்திக்கினு கீற?”

இத்தனை வருடத்தில் நான் கற்றது, குற்றவாளியைத் தேடும்போது மற்றவர்களை முதலில் விசாரித்தால் நேரம்தான் வீணாகிறது என்பதே.