சும்மா இருந்த ஆறு வருடம்

தங்கப்பொண்ணு நாற்பத்து மூன்று வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு அவரும் கணவரும் மகள் கனகாவும் குடிவந்து ஏழு வருடமாகிறது. அவனியாபுரம் பக்கம் போனால் சில கட்டடங்களைக் காட்டி, "இதுக்கு நாந்தேன் சாந்து சுமந்தேன்" என்பார். பெருமையாகச் சொல்ல மாட்டார். பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வது போலச் சொல்வார். கணவர் கண்ணுச்சாமி கொத்தனார். அவர் சாரத்தில் நின்று கை நீட்டும் நேரத்துக்குச் சாந்துச் சட்டி அங்கே இருக்குமாம்.

தங்கப்பொண்ணுவுக்கு அறுபது வயதானபோது கனகா அந்த வேலையை நிறுத்தச் சொன்னாள். கனகா ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள்.

"பாடுபட்டது போதும்மா. இனிமே ஒரு துரும்பக்கூட நீ எடுத்துப் போடக் கூடாது" என்றாள்.

சொன்னபடியே நடந்துகொண்டாள். தண்ணீர்க் குடத்தை அவளே மாடிக்குத் தூக்கினாள். துணி துவைக்க மெஷின் வந்தது. கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை வாங்கி டிவிக்கு எதிரே போட்டாள். அன்பில் செய்ததுதான், குறை சொல்ல முடியாது. "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று நானே தங்கப்பொண்ணுவிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் கண்ணுச்சாமிக்கு மஞ்சள் காமாலை கண்டது. பன்னிரண்டு நாளில் போய்விட்டார். தங்கப்பொண்ணு அழவில்லை. கட்டிப்பிடித்து அழுத பெண்களின் முதுகை இவர்தான் தட்டிக்கொடுத்தார். காரியமெல்லாம் முடிந்ததும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் நான் மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் அங்கேதான் இருப்பார், சாயங்காலம் எடுக்கப் போனாலும் அங்கேதான் இருப்பார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்பேன்.

"இருக்கேன் டீச்சர்."

நான் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் எல்லோருக்கும் டீச்சர்தான்.

இப்படியே வருடங்கள் போயின. ஒரு நாள் கீழே விழுந்த ரிமோட்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போது பகல் பதினொரு மணி. கனகா வேலை முடிந்து வந்தது ஐந்தரைக்கு. நான் நேர் கீழே என் வீட்டில்தான் இருந்தேன்.

"ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே?" என்றேன்.

"கூப்புடணும்னு தோணல. கெடந்தேன்" என்றார்.

போன மார்ச்சில் அவருக்குத் தாடை வலித்தது. தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே பிடித்தது போல இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வேர்த்தது. கனகா வாயு என்று நினைத்து மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். தெருமுனை ஆட்டோக்காரர்கள் இருவர் வந்து அவரை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். நாற்பத்து மூன்று வருடம் படியேறிச் சுமந்தவரை இப்படிச் சுமக்கிறார்களே என்று நினைத்தபடி பின்னாலேயே இறங்கினேன். அவர் படிக்கட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

மாரடைப்பு வந்து இரண்டு நாளாகியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"நெஞ்சே வலிக்கலையே சார்" என்றாள் கனகா.

"பொம்பளைங்களுக்குப் பல சமயம் இப்படித்தாம்மா. தாடை, முதுகு, வேர்வை, அசதி. வாயுன்னு விட்டுர்றாங்க" என்றார் டாக்டர்.

அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் டாக்டர் கட்டிலருகே வந்து, இதயத்தில் ஒரு பகுதித் தசை செத்துவிட்டது, அது திரும்ப வராது, மிச்சமுள்ளதை நன்றாக வேலை செய்ய வைக்கலாம் என்றார். கனகா சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

தங்கப்பொண்ணு கேட்டார்: "செத்த எடம் வலிக்குமா சார்?"

"வலிக்காதும்மா."

"அப்பச் சரி."

ஐந்து வாரம் கழித்து உடற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே தமிழ்வாணி என்று ஒரு பிசியோதெரபி பெண். முதல் நாள் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பதினொரு கிலோ காட்டியது. பதினெட்டாவது இருக்க வேண்டுமாம்.

"முன்னாடி என்ன வேலம்மா பாத்தீங்க?"

"சித்தாளு."

தமிழ்வாணி எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். அரை நிமிடத்தில் நான்கு தடவைதான் முடிந்தது.

"உழைச்ச ஒடம்புதானேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க" என்று கனகாவைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு உழைச்ச பலம் இன்னைக்கு வரைக்கும் நிக்காதுங்க. வேல குடுக்கலைன்னா சதை கரைஞ்சு போயிரும். வயசான பொம்பளைங்களுக்கு இன்னும் வேகமாப் போயிரும். காலுல சதை இல்லைன்னா, நாலு எட்டு வைக்கக்கூட இதயம் ரொம்பப் பாடுபடணும்."

"நாந்தேன் உக்கார வச்சேன்" என்றாள் கனகா மெதுவாக. "திரும்ப வருமா?"

"எம்பது வயசுலயும் வரும். செய்யணும். அம்புட்டுத்தேன்."

செய்தார். விருப்பத்தோடு செய்தார் என்று சொல்ல முடியாது. மாத்திரையை விழுங்குவது போலச் செய்தார். காலையில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. கனகா வேலைக்குப் போகும் நேரத்தில் நான் கூட இருந்தேன். மூச்சை அடக்கக் கூடாது, பேச்சு நிற்கும் அளவுக்குப் போகக் கூடாது, நெஞ்சில் என்ன பிடித்தாலும் நிறுத்த வேண்டும் என்று தமிழ்வாணி எனக்கும் சொல்லியிருந்தாள். அதனால் பேச்சுக் கொடுத்தபடியே இருப்பேன். மழை, தக்காளி, எதிர்வீட்டு நாய். கேட்டதற்குப் பதில் வரும். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மூன்றாம் மாதம் எடையைக் கூட்டச் சொன்னாள் தமிழ்வாணி. எங்கள் தெருவில் வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த மணலில் கொஞ்சம் கேட்டு வாங்கி, துணிப்பை ஒன்றில் கட்டி, தங்கப்பொண்ணு அதைத் தூக்கிக்கொண்டு மாடி வராந்தாவில் நடந்தார். மூன்று கிலோ இருக்கும். அன்று கனகா சீக்கிரமாக வந்துவிட்டாள். பையைப் பிடுங்கி எறிந்தாள். மணல் வராந்தா முழுவதும் சிதறியது.

"சாகப் பாக்குறியா? அப்பா போனாரு. நீயும் போறேங்கிறியா?"

"வாணிப் பொண்ணு சொல்லிச்சு, செய்யுறேன்."

"ஒனக்கு ஆசையா? உசுரு மேல ஆசையா? அதச் சொல்லு!"

தங்கப்பொண்ணு நிறைய நேரம் யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்ப்பது போல இருந்தது.

"தெரியல தாயி" என்றார். "ஒங்கப்பன் போனதுலருந்து எனக்கு ஒண்ணும் ஒறைக்கல. சோறும் ஒறைக்கல. ஆனா தூக்குனா கையி வலிக்குது. அது எங்கையின்னு தெரியுது."

கனகா தரையில் உட்கார்ந்து அழுதாள். தங்கப்பொண்ணு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்குமாற்றை எடுத்து வந்து மணலைக் கூட்டினார். அள்ளிப் பையில் போட்டுக் கட்டி ஓரமாக வைத்தார். கனகா தடுக்கவில்லை.

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். நாற்காலியில் பன்னிரண்டு தடவை எழுந்தார். கையின் பிடி பதினேழு கிலோ காட்டியது. ரத்த அழுத்தம் குறைந்திருந்ததால் மாத்திரை ஒன்றைப் பாதியாக்கினார்கள். இதயத்தின் செத்த பகுதி அப்படியேதான் இருந்தது. மற்றது முன்பைவிடச் சிரமமில்லாமல் ஓடுகிறது என்றார் டாக்டர். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கப்பொண்ணு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தமிழ்வாணி விளையாட்டாகக் கனகாவின் கையில் அந்தக் கருவியைக் கொடுத்தாள். நாற்பத்தோரு வயது. பதினாறு கிலோ காட்டியது. கனகா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா வேற என்ன காட்டும்?" என்றாள் தமிழ்வாணி. "நீங்களும் ஆரம்பிங்க. ஒங்க அம்மா வயசு வர்ற வரைக்கும் விட்டுறாதீங்க."

இப்போது காலையில் மாடியில் இரண்டு பேர் நடக்கும் சத்தம் கேட்கிறது. தண்ணீரில் பாதியைச் சின்னக் குடத்தில் தங்கப்பொண்ணு தூக்குகிறார். மீதியைத்தான் கனகா தூக்குகிறாள். போன வாரம் தங்கப்பொண்ணு துவரம்பருப்பு கடன் கேட்டுக் கீழே இறங்கி வந்தார். சமையலை அவரே எடுத்துக்கொண்டுவிட்டாராம். பருப்பை அளந்து கொடுத்துவிட்டு, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அவர நெனச்சு இப்பவாச்சும் அழுகை வருதா?"

"வரல டீச்சர்" என்றார். "பசிதேன் வருது. ரெண்டு நாளா நல்லாப் பசிக்குது."

பருப்பைச் சேலை மடியில் கட்டிக்கொண்டு, உலை கொதிக்கிறது என்று போய்விட்டார்.