மீன்கொத்தியின் அலகு

நான்கடி அகலமுள்ள கடையில், இடக்கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு, முப்பத்தோராண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்த்து வருகிறார் அவர். புகைபிடித்தவரல்லர். ஆயினும், முற்காலத்தில் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்ற பட அட்டைகளின்மேல் அவர் வைத்த பற்று, அடியார் இறைவன்மேல் வைப்பதற்குக் குறைந்ததன்று. அதிலும் நீர்ப்பறவைகள் ஐம்பது கொண்ட ஒரு வரிசையே அவர் நெஞ்சை ஆண்டது.

தீப்பெட்டியைவிடச் சற்றே நீண்ட அட்டை. அதில், கல்லில் வரைந்து ஒற்றியெடுக்கும் கல்லச்சின் புள்ளிகளால் ஆகிய ஓவியம். வெறுங்கண்ணுக்குச் சாம்பலாய்த் தோன்றும் நாரையின் சிறகு, உருப்பெருக்கியின்கீழ் நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாய்ப் பிரிந்து நிற்கும். பெயரறியா அவ்வோவியன் ஒரு குறும்பும் செய்திருந்தான். படத்தைச் சுற்றி மெல்லிய கோடு, அதற்கப்பால் வெள்ளை ஓரம். ஒவ்வொரு பறவையும் ஏதேனும் ஓர் உறுப்பால் அக்கோட்டைத் தாண்டியிருக்கும்: கொக்குக்குக் கால்விரல், வாத்துக்கு வால்நுனி.

பத்தொன்பது ஆண்டுகளில் நாற்பத்தொன்பது சேர்ந்தன. முப்பத்தேழாம் அட்டையாகிய மீன்கொத்தி மட்டும் அகப்படவில்லை.

அஞ்சலக எழுத்தரான சகலைக்கோ, மறைந்த தந்தையின் தகரப்பெட்டியைத் திறந்த ஒரே காலையில் ஐம்பதும் கிடைத்தன. சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியவர், கடிகாரக்காரரையும் மனைவியையும் விருந்துக்கு அழைத்தார்.

“வாங்கண்ணே! உங்ககிட்ட நாப்பத்தொம்போது, என்கிட்ட அம்பது. ஒண்ணுதான் கூட, கண்ணு வச்சிடாதீங்க!”

கடிகாரக்காரர் சிரித்தார், வயிறு எரிந்தது.

“என்ன அத்தான், இலையைவிட சுவரைத்தான் அதிகமா பாக்கறீங்க?” என்றாள் கொழுந்தி.

உண்டெழுந்ததும் உருப்பெருக்கியை எடுத்துச் சுவரருகே சென்றார். கொக்குக்கு விரல் இல்லை. வாத்துக்கு வால்நுனி இல்லை. நீரை நோக்கிப் பாயும் மீன்கொத்தியின் அலகு, பாதியில் மொட்டையாய் நின்றது.

“ஓரமெல்லாம் அழுக்கா இருந்துச்சுண்ணே. கோட்டை ஒட்டி நானே வெட்டிட்டேன். பளிச்சுன்னு இருக்குல்ல?”

“ரொம்ப நேர்த்தி, தம்பி.”

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: “போகும்போது உர்ருன்னு இருந்தீங்க. இப்ப என்ன, முகம் பூத்துக் கிடக்கு?”

“அம்பதும் பாழ். வெட்டித் தொலைச்சிருக்கான். அவனுக்கே தெரியல!”

“சொல்லக் கூடாதா?”

“நான் ஏன் சொல்லணும்?”

அந்த இன்பம் மூன்று மாதம் நிலைத்தது. பிறகொரு ஞாயிறு, சகலை ஓர் உறையோடு வந்தார்.

“அப்பாவோட அகராதிக்குள்ள இன்னொரு மீன்கொத்திண்ணே! பக்கத்துக்கு அடையாளமா வச்சிருந்திருக்கார். பாத்ததும் உங்க ஞாபகம்தான்.”

உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு உறையைப் பிரித்தார். இரண்டு நீலங்கள் கலந்த முதுகு. மையே படாமல் வெற்றுத்தாளாய் விடப்பட்ட மார்பு. பிறகு அலகைக் கண்டார். அதுவும் மொட்டை.

“உங்களுக்குக் குடுக்கறதை அழுக்கோடயா குடுக்கறது? காலையிலதான் வெட்டினேன்.”

“வெட்டின ஓரம் எங்க?”

“குப்பையோட போயிருக்கும். ஏண்ணே?”

கடிகாரக்காரர் தம் அட்டைகளைச் செருகி வைத்திருந்த ஏட்டைத் திறந்து, கோடு தாண்டிய கொக்கின் விரலைக் காட்டினார். சகலை நெடுநேரம் பார்த்தார்.

“அட, ஆமா! அன்னைக்கு எங்க வீட்டுல கண்ணாடி வச்சுப் பாத்தீங்களே, கவனிக்கலையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதையாவது விட்டிருப்பேனே.”

சமையலறை வாயிலில் மனைவி நின்றிருந்தாள். கணவரையே பார்த்தாள்.

“கவனிக்கலை,” என்றார் அவர்.

“விடுங்க. எனக்கு அம்பது போச்சு, உங்களுக்கு ஒண்ணுதானே!” என்று சொல்லி, சகலை தரையில் அமர்ந்தார். ஏட்டை ஒவ்வோர் இதழாய்ப் புரட்டி, “இங்க பாருங்கண்ணே, இதுக்கு இறகு வெளியே நிக்குது!” என்று வியந்து வியந்து சிரித்தார். அச்சிரிப்பில் இழப்பின் நிழல்கூட இல்லை. அதைக் கண்ட கடிகாரக்காரருக்கு, ஐம்பது அட்டைகளைச் சுவரில் கண்ட அன்று எரிந்ததைவிடவும் வயிறு எரிந்தது.